தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?



"டிரெஸ்ஸரையா, எங்க லயத்துல தண்ணி மஞ்சளா வருது. குடிக்கலாமா, கூடாதா?" தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் யாராவது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். ஆனால், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, இது நல்ல தண்ணிதானா?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. என் மனசை உறுத்துவது இந்த இரண்டாவது கேள்விதான். ஏன் என்று சொல்கிறேன்.

1986-ஆம் ஆண்டு. நான் அப்போது வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து லயங்களுக்கு விடுவார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மற்ற நேரத்தில் பைப்பைத் திறந்தால் காற்றுதான் வரும்.

ஒரு திங்கட்கிழமை ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிற்றுப்போக்கு. "ஐஸ் வாங்கிக் கொடுத்தியாம்மா? ஈ மொய்ச்ச பலகாரம் எதுவும் கொடுத்தியா?" என்று அதட்டி, மருந்து கொடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் இன்னொரு பிள்ளை, மத்தியானம் மூன்றாவது. மூன்று தாய்மார்களுக்கும் அதே ஏச்சுத்தான் கிடைத்தது. நாலாவதாகப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்: "ஐயா, நாலு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல போகுதே. நாலு பேரும் ஒண்ணாவா போய் ஐஸ் வாங்கினோம்?"

எனக்குச் சுருக்கென்றது. நாலு வீடும் ஒரே லயம். ஒரே பைப்பின் கடைசி நாலு வீடுகள். அன்று மாலை பாட்டியோடு அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். லயத்துக்குப் பின்னால் சாக்கடையைக் குறுக்கே தாண்டும் இடத்தில் பைப்பு அழுக்குத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. கையை விட்டுத் தடவினால் இணைப்பில் ஒரு விரிசல். அந்த நாலு வீட்டுத் தண்ணீரையும் மருந்தகத்துக்குக் கொண்டுவந்து வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். அத்தனை தெளிவு! நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பைப்பில் தண்ணீர் அழுத்தமாக ஓடும்போது விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அதனால் பெரிய ஆபத்து இல்லை. பம்பை நிறுத்தியதும் பைப்புக்குள் அழுத்தம் போய்விடும். அப்போது வெளியில் தேங்கி நிற்கும் சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே இழுபடும். மறுபடி தண்ணீர் விடும்போது முதல் வாளியோடு அதுவும் வீட்டுக்கு வந்து சேரும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கையளவு சாக்கடை கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையின் வயிற்றுக்கு மட்டும் தெரிந்துவிடும். இன்றும் தண்ணீரை விட்டுவிட்டுக் கொடுக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஆகவே, நின்று வரும் தண்ணீரில் முதல் வாளியைச் சட்டியில் பிடிக்காதீர்கள். தரை கழுவவோ செடிக்கு ஊற்றவோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளத்தை கோப்பைக்குள் தேடுவதை விட லயத்தில் தேடுவது மேல் என்பது என் கருத்து. ஒரே பைப்பில், ஒரே தொட்டியில் தண்ணீர் பிடிக்கிற இரண்டு மூன்று வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் அல்லது மஞ்சள்காமாலை வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லுமுன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். டைபாய்டும், காலராவும், ஒரு வகை மஞ்சள்காமாலையும் தண்ணீரில் வருகிறவைதான். இதைக் கண்டுபிடிக்க டிரெஸ்ஸர் தேவையில்லை. பக்கத்து வீட்டோடு பேசுகிற பழக்கம் இருந்தால் போதும்.

அப்படியென்றால் நிறமும் வாடையும் பொய்யா? அப்படிச் சொல்லவில்லை. கண்ணும் மூக்கும் சொல்வதையும் கேட்க வேண்டும். என்ன சொல்கின்றன என்று புரிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் பயப்படுகிற மஞ்சள் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது இரும்பு. கிளந்தானில் நிலத்தடித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். வாளியில் அரை நாள் நின்றால் காற்றுப் பட்டு மஞ்சளாகி, அடியில் துரு மாதிரிப் படியும். பால் ஊற்றாத தேத்தண்ணீர் கலக்கி வைத்துப் பாருங்கள். சாயத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரிக் கறுக்கும். சோறு பழுப்பாகும். பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை மஞ்சளாகும். அந்தக் கறையைப் போக்கத் துணி வெளுக்கும் குளோரின் மருந்தை ஊற்றுகிறார்கள் நம் தாய்மார்கள். அது கறையை இன்னும் கெட்டியாக்கும், ஊற்றாதீர்கள். குடிநீரில் இரும்பு ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் தர அளவு. தாண்டினால் உடனே நோய் வரும் என்று பொருளில்லை. இரும்பு பெரும்பாலும் ருசியையும் துணியையும்தான் கெடுக்கும். ஆனால், எப்போதும் தெளிவாக வந்த தண்ணீர் திடீரென்று மஞ்சளானால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

காலையில் மட்டும், முதல் இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் செந்நிறமாக வந்து பிறகு தெளிந்தால், உங்கள் வீட்டுப் பழைய இரும்புப் பைப்பு துருப்பிடித்திருக்கிறது. நாள் முழுதும் அப்படியே வந்தால் பக்கத்து வீட்டிலும் பாருங்கள். அங்கேயும் அப்படித்தான் என்றால் கோளாறு பெரிய பைப்பிலோ தொட்டியிலோ இருக்கிறது. கறுப்புத் துகளாக வந்து தொட்டிச் சுவரில் மை பூசினாற்போல் ஒட்டினால் அது மாங்கனீசு. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்க வேண்டாம். ஹிலிர் பேராக் போன்ற சதுப்புநிலப் பக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்திலேயே இருக்கும். அது மக்கிய இலை தழையின் சாயம். புளிப்புத் தன்மையால் பைப்பையும் அரிக்கும்.

சில சமயம் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வரும். "மருந்தை அள்ளிக் கொட்டிட்டானுங்க" என்று ஏசுவார்கள். ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து வந்தால் அது வெறும் காற்று. பயமில்லாமல் குடிக்கலாம். தெளியாமல் கலங்கலாகவே நின்றால், அல்லது அடியில் மண் படிந்தால், அது வேறு விஷயம். ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் கேத்தலுக்குள் வெள்ளையாக ஓடு கட்டும், சோப்பு நுரைக்காது. அதனாலும் உடம்புக்குக் கேடில்லை. கேத்தலுக்குத்தான் கேடு.

மூக்கை நான் கண்ணை விட அதிகமாக நம்புகிறேன். குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. வாடை பிடிக்காவிட்டால் சட்டியில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், போய்விடும். எப்போதும் வருகிற அந்த வாடை ஒரு நாள் வராமல் போனால்தான் யோசிக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை கிணற்றிலும், நாளாகத் தேங்கிய பைப்பிலும் வரும். சாக்கடை வாடை வந்தால் ஒரு வாய் கூட வேண்டாம். மண்ணெண்ணெய், பெயிண்டு, தின்னர் வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, காய்ச்சவும் கூடாது. காய்ச்சினால் அந்த ஆவி அடுப்படியெல்லாம் நிறையும்.

மூக்கை நம்புவது பட்டிக்காட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் ஏதோ கலந்து வாடை வந்ததும் நாலு பெரிய சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. படித்த எஞ்சினியர்கள் கூட வாடைக்கு அந்த மரியாதை கொடுக்கிறார்கள். லயத்து அம்மா ஒருத்தி "தண்ணி நாறுதுங்க" என்று சொன்னால் மட்டும் ஆபீசில் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இங்கே இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வருகிற தண்ணீர்ப் பில்டர் வியாபாரி. என் வீட்டுக்கும் வந்தார். இரண்டு கோப்பை கேட்டார். ஒன்றில் என் வீட்டுப் பைப்புத் தண்ணீர், இன்னொன்றில் அவர் பில்டர் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, மின்சாரத்தைப் போட்டார். ஒரு நிமிஷத்தில் என் தண்ணீர் காவி நிறமாகி மேலே அழுக்கு மிதந்தது. அவர் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் சார் இத்தனை வருஷம் குடிச்சிருக்கீங்க" என்றார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடவும் தயாராகிவிட்டார்.

நான் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து, "இதை உங்க தண்ணியில போட்டு மறுபடி காட்டுங்க தம்பி" என்றேன். அவர் கருவியை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். விஷயம் இதுதான்: அந்தக் கம்பிகள் இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகிறது. சாதாரணக் குடிநீரில் இயற்கையான உப்புக்கள் இருப்பதால் மின்சாரம் பாயும். அவர் தண்ணீரில் உப்பை எல்லாம் எடுத்துவிட்டதால் பாயவில்லை. கோப்பையில் மிதந்த அழுக்கு அவர் கொண்டுவந்த கம்பியின் அழுக்கு! நீங்கள் யாரும் வீட்டில் இந்த வேடிக்கையைச் செய்து பார்க்காதீர்கள், மின்சாரம் விளையாட்டல்ல. பில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலங்கலுக்கும் துருவுக்கும் அது உதவும். ஆனால் பயத்தில் வாங்காதீர்கள். வாங்கினால் உள்ளே இருக்கும் திரியைக் காலாகாலத்தில் மாற்றுங்கள். மாற்றாத திரியில் கிருமி குடியேறிவிடும்.

அடையாளமே காட்டாத ஆபத்துக்களும் உண்டு. கிருமியைச் சொல்லிவிட்டேன். அடுத்தது உரம். உரம் போட்ட மலையின் அடிவாரத்துக் கிணற்றில் மழையோடு நைட்ரேட்டு இறங்கலாம். நிறமில்லை, வாடையில்லை, ருசியுமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலந்து கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும். தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் நின்றாலே போதும். ஆனால் உரமும், களைக்கொல்லியும், உலோகமும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட நைட்ரேட்டு கூடத்தான் செய்யும். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது நம் பெரியவர்கள் பழக்கம். கலங்கல் அடியில் தங்கும், கிருமி அதனால் ஒழியாது. தெளிந்த பிறகும் காய்ச்ச வேண்டும்.

பாட்டியின் கதையை முடிக்கவில்லை. விரிசலைப் பார்த்த மறுநாள் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். "எல்லாரையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. மூன்று வாரம் அதே பதில். அந்த மூன்று வாரத்தில் பாட்டியின் பேரன் அரசாங்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். பிழைத்து வந்தான், ஆனால் நடந்த பிள்ளை மறுபடி தவழ்ந்தது. பிறகு தோட்டக் கமிட்டிக்காரர்கள் தேதி, வீட்டு நம்பர், பிள்ளையின் வயது எல்லாம் எழுதிய ஒரு தாளோடு போனார்கள். இரண்டு நாளில் பைப்பைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். அந்த வேலைக்கு ஆனது ஒரு முழம் பைப்பும் இரண்டு இணைப்பும்தான்.

"காய்ச்சிக் குடி" என்பது நல்ல அறிவுரை. நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது முதலாளி சொல்லக்கூடிய பதில் அல்ல. விடியற்காலை எழுந்து பசியாற வைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு ஓடுகிற தாய், குடும்பத்துக்கே குடிதண்ணீர் காய்ச்சி ஆறவைத்து மூடிவைக்க வேண்டும். காஸ் தோம்பு தீர்ந்தால் அவள் கைக்காசு. பைப்பில் விரிசல் நிர்வாகத்துடையது, அதன் செலவு மட்டும் அவளுடையதா? 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம், அதாவது தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம், தோட்டத்து வீடுகளுக்கு இலவசமாக, போதுமான அளவில் குழாய்த் தண்ணீர் கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பெயரும் நீண்டுவிட்டது. கடமை அப்படியே இருக்கிறது. ஆகவே காய்ச்சுங்கள், காய்ச்சிக்கொண்டே புகாரும் எழுதுங்கள்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. மருந்தடிக்கிற பம்பை ஆற்றில் கழுவுகிறவர் யார்? நாம்தான். பாராகுவாட்டுக்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டது, சரி. மற்ற மருந்துகள் இல்லையா? காலி மருந்துத் தோம்பில் குடிதண்ணீர் பிடிப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. வீட்டுத் தொட்டியின் மூடி காணாமல் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், ஏறிப் பார்க்க ஆளில்லை. பல்லி, எலி விழுந்து கிடக்கும், கொசுப்புழு நெளியும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவாத கையோடு கோப்பையை முக்குவது இன்னொரு வழக்கம். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று இறைத்துக் குடிப்பதும் அப்படித்தான். குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, சுகாதார இலாகா சரி என்று சொல்லும் வரை அது குடிதண்ணீர் அல்ல.

இன்று லயங்களில் நம்மவர்கள் குறைந்து, இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் வயிறு கெட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் "சாக்கிட் பெருட்" என்றால் புரியும்.

புகார் எழுதும்போது "தண்ணி சரியில்லை" என்று ஒற்றை வரி போடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வீட்டுப் பைப்பு, முதல் வாளியிலா எப்போதுமா, என்ன நிறம், என்ன வாடை, யார் யாருக்கு என்ன நோவு என்று எழுதுங்கள். வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தொட்டிக்குப் போகுமுன் உள்ள பைப்பிலும் தொட்டிக்குப் பின் உள்ள பைப்பிலும் ஒவ்வொரு போத்தல் பிடித்து ஒப்பிட்டால், கெடுதல் எங்கே சேர்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் கிருமிப் பரிசோதனைக்கு நீங்கள் பிடித்த போத்தல் செல்லாது. கிருமி நீக்கிய போத்தலில் சுகாதார இலாகா ஆட்களே வந்து பிடிக்க வேண்டும். அவர்களை வரவழைக்கத்தான் உங்கள் தாள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒன்று மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு, ஒன்று தொழிலாளர் இலாகாவுக்கு. இன்னொன்று கிளைச் செயலாளர் கையில் இருக்கட்டும்.

பிள்ளைக்குப் போக ஆரம்பித்துவிட்டால் தாள் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கொடுங்கள். உப்பு கூடக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், பிள்ளை துவண்டால், மலத்தில் இரத்தம் கண்டால், அல்லது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: "எங்க லயத்துல இன்னும் இத்தனை பிள்ளைக்கு இப்படி இருக்கு" என்று.